பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது

என் மேசையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு கிடக்கிறது. நானே எழுதி அச்சடித்தது. அதில் நான்கு வரிகள்தான்: என் ஊர்க்குறிப்புப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் கண்ட பள்ளி தொடங்கிய ஆண்டுக்கு ஆதாரம் இல்லை, வாசகர்கள் அதை எங்கும் எடுத்தாள வேண்டாம், தவறுக்கு வருந்துகிறேன். இந்தச் சீட்டைத் தபாலில் ஒருவருக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அதே சீட்டு திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் தாள் ஒட்டி, பென்சிலில் எழுதியிருந்தது:

"வியாழன், மூன்றாம் பாடவேளை. கிடைத்தது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. யார் எழுதியது, எப்போது, எதைப் பார்த்து, எதைப் பார்க்காமல் என்று எழுதி மறுபடி அனுப்பவும்."

வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. உறையின் மேல் முத்திரை பாதி அழிந்து, திமிரி என்ற ஊர்ப்பெயர் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால் என்ன? தேதி போடாமல் கிழமையும் பாடவேளையும் போடுகிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளியின் ஆண்டை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப்போவதில்லை. எழுதினால், நாளை இதையும் யாராவது ஆதாரமாகக் காட்டுவார்கள்.

மஞ்சள் தாளை எழுதியவர் அப்போது ஆம்பூரை அடுத்த அந்த உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். நான் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை வருகை அட்டை பார்த்தவன். மற்றவர்களின் இரண்டு நிமிடத் தாமதத்தைச் சிவப்பு மையில் குறித்தே காலம் தள்ளியவனுக்குத் தேதிப் பைத்தியம் பிடிப்பதில் வியப்பில்லை. ஓய்வுக்குப் பிறகு ஊரைப் பற்றித் திரட்டியதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாகப் போட்டேன். கோயில், மசூதி, சர்ச், பாலம், பள்ளி, எல்லாவற்றுக்கும் ஆண்டு கொடுத்திருந்தேன். ஊரில் அதைக் குறை சொன்னவர் யாரும் இல்லை, ஒரு புதன்கிழமை மாலை நாலே முக்காலுக்குத் தொலைபேசி அடிக்கும்வரை.

"சார், உங்க புக்கு பதினேழாம் பக்கம். எங்க ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷம் போட்டிருக்கீங்க. எங்க பார்த்தீங்க?"

"நீங்க யாரும்மா?"

"அந்த ஸ்கூல் டீச்சர். எங்க பார்த்தீங்க?"

"நல்ல ஆதாரம் இருக்கும்மா."

"நல்லதான்னு நான் கேக்கல சார். எங்கன்னு கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த வாரமே போகவும் போனேன். ஆதாரத்தைக் காட்டுவதற்காக அல்ல, ஆளைப் பார்ப்பதற்காக.

ஒல்லியான, நாற்பதைத் தாண்டிய பெண்மணி. முழங்கால் வலி. வகுப்பில் முக்காலியில் உட்கார்ந்துதான் பாடம் எடுப்பார். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு நீள ஒயர் பெட்டியும் இருக்கும், பள்ளியின் பிளக் பாயிண்ட் ஸ்மார்ட் போர்டுக்கு எட்டாது என்பதால். நெட் வராத நாளில் தன் போனிலிருந்தே கொடுப்பார். காலையில் வருகைப் பதிவுச் செயலியோடு மல்லுக்கட்டு, மதியம் ஏதோ ஒரு படிவம், மாலையில் அதே படிவம் மறுபடி. "எல்லாத்தையும் ஏத்தினேன் சார். ஏறலன்னுது," என்பார். குரலில் எரிச்சல்கூட இருக்காது. எரிச்சல் படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஒரு பழக்கம் மட்டும் எந்தச் சோர்விலும் விடாது. கையில் எது கிடைத்தாலும் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மணமக்கள் பெயரைப் படிக்கும் முன் பின்னால் எந்த அச்சகம் என்று பார்ப்பார். போண்டா மடித்த காகிதத்தில் எண்ணெய்க்கு நடுவே அது எந்த நாள் பத்திரிகை என்று தேடுவார். முதல் நாள் நான் கொடுத்த என் புத்தகத்தையும் அப்படித்தான் வாங்கினார். முன்னட்டையை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பழக்கம் அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தோல் ஷெட்டில் செலக்‌ஷன் பார்த்தவர். பதனிட்டு வந்த தோல்களை மேசையில் விரித்துத் தரம் பிரித்து அடுக்குகிற வேலை அது. முடி இருந்த பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு சதைப் பக்கத்தில்தான் தெரியும். அதனால் செலக்‌ஷன்காரர் ஒவ்வொரு தோலையும் ஒருமுறை புரட்டாமல் அடுக்கில் போடமாட்டார். "எங்கப்பா சாப்பாட்டுல தோசையக்கூட திருப்பிப் பார்த்துத்தான் சாப்டுவாரு," என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட குடும்பச் செய்தி இது ஒன்றுதான்.

வகுப்பிலும் அந்த ஒரு சொல்தான். "திருப்பு." பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரே திருப்பு மிஸ். அவருக்கும் தெரியும்.

ஸ்மார்ட் போர்டு வந்தபோது மற்ற ஆசிரியர்கள் அதற்கு உறை போட்டு வைத்தார்கள். இவர் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டார். பழைய படம், கல்வெட்டின் மைப்படி, வரைபடம் என்று எல்லாவற்றையும் அதில் போட்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவார். அதில் அவருக்கு ஒரே குறை. "பெருசு பண்ணலாம், சுத்தலாம், வெளிச்சம் ஜாஸ்தி பண்ணலாம். திருப்ப முடியலயே சார். திரையில இருக்கிற படத்துக்கு முதுகே இல்ல."

அதற்கு அவரே ஒரு வழி செய்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் அடுத்து ஒரு வெற்றுப் பக்கம் வரும். தலைப்பு: பின்பக்கம். அதில் நான்கு கேள்விகள். யார் எடுத்தது? எப்போது? எதற்காக? இதில் இல்லாதவர் யார்? பிள்ளைகள் வந்து விரலால் எழுத வேண்டும். பதில் இல்லாத இடத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று சிவப்பில் போட வேண்டும். அவர் வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். தாளில் செய்கிற சார்ட்டுக்கும் இதே சட்டம். முன்னால் படம் ஒட்டினால் பின்னால் அந்த நான்குக்கும் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கமாட்டார்.

நூற்றாண்டு விழா வருகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு அவர் கொடுத்த வேலை, பள்ளி எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிப்பது. என்னை விருந்தினராக அழைத்தார். போனேன். பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

போர்டில் ஒரு புகைப்படம். மூன்று வரிசையில் பிள்ளைகள், நடுவில் தலைப்பாகை கட்டிய தலைமை ஆசிரியர், முன்வரிசையில் ஒருவன் மடியில் சிலேட்டு, சிலேட்டில் ஆண்டு. என் புத்தகத்தில் நான் போட்டிருந்த படம்தான். அந்தத் தலைமை ஆசிரியரின் உறவுக்காரர் போனில் அனுப்பியது. முதல் செட் பிள்ளைகள் என்று அவர் சொன்னார், நானும் எழுதினேன்.

"இன்னா தெரியுது?"

"சிலேட்டு மிஸ்." "மரம் மிஸ்." "ஒருத்தன் தூங்கறான் மிஸ்."

சங்கீதா என்ற பெண் எழுந்தாள். "பொண்ணுங்களே இல்ல மிஸ். நம்ம ஸ்கூல்ல முதல்லேர்ந்து பொண்ணுங்களும் படிச்சாங்கன்னு எங்க ஆயா சொல்லும்."

"அப்ப இன்னா எழுதுவ?"

"சரிபார்க்கப்படவில்லை."

"எழுது."

அடுத்து போனில் இருந்த செயற்கை நுண்ணறிவைக் கேட்கச் சொன்னார். பள்ளி எப்போது தொடங்கியது? அது ஒரு நொடியில், இந்த வட்டாரத்தின் கல்வி வளர்ச்சியில் ஒரு மைல்கல் என்று ஆரம்பித்து, ஆண்டைச் சொன்னது. என் ஆண்டுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்ம ஹெச்.எம்.மைவிட நல்லா பேசுதுல்ல?" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. "இவ்ளோ அழகா சொல்லுதே, அதுக்கு யார் சொன்னாங்கன்னு கேளு."

ஓர் இணையதளத்தைக் காட்டியது. அதைத் திறந்தார்கள். இணையதளம் ஒரு நாளிதழ்ச் செய்தியைச் சொன்னது. செய்தியைத் தேடி எடுத்தார்கள். 'உள்ளூர் ஆய்வாளர் ஒருவரின் நூலின்படி' என்றிருந்தது. சங்கீதா ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துக்கொண்டே வந்தாள். கடைசி வட்டத்தில் என் புத்தகத்தின் பெயர்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எழுதினதுக்கு அப்புறம் எப்பவாவது செக் பண்ணீங்களா?"

நான் பொய் சொல்லவில்லை. "பண்ணேம்மா. ஒரு சந்தேகம் வந்து நெட்ல பார்த்தேன். அதே வருஷம் இருந்தது. உறுதின்னு நோட்டுல குறிச்சேன்."

"எந்த சைட்டு சார்?"

நான் போர்டைப் பார்த்தேன். அந்த இணையதளம் அங்கேயே, இரண்டாவது வட்டத்தில் இருந்தது. சங்கீதா ஒரு கணம் தயங்கி, என் புத்தகத்திலிருந்து அம்பை வளைத்து அந்த இணையதளத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். வட்டம் மூடிக்கொண்டது.

"சார் தன்னையே கேட்டுக்கினாரு மிஸ்!" என்றான் ஒருவன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "சிரிக்காத. நீயும் நாளைக்கு மாட்டுவ. சிலேட்டு வருஷம் போட்டோ எடுத்த வருஷமா இருக்கலாம். ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷம்னு யார் சொன்னது? அசல் படம் எங்க? திருப்பிப் பார்த்தது யாரு?"

யாரும் இல்லை. நானும் இல்லை.

வெளியே வந்ததும் டீ வரவழைத்தார். எனக்கு மட்டும். அவர் குடிக்கவில்லை. பள்ளியில் பெண்களுக்குப் பயன்படுகிற நிலையில் ஒரே ஒரு கழிப்பறைதான். அதிலும் இரண்டு அறையில் ஒன்றுக்குக் கதவு இல்லை. காலை எட்டரைக்கு வீட்டில் குடிக்கிற தண்ணீர்தான், பிறகு நாலரைக்குத்தான். பெண் பிள்ளைகளும் அப்படியே. நூற்றாண்டை ஒட்டிப் புதிய கழிப்பறைக் கட்டடம் கட்டித் தருவதாகத் தோல் தொழில் செய்கிற ஒரு பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்பார்கள்.

"சார், ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வருஷம் சரிபார்க்கப்படவில்லைன்னு மட்டும். நான் சொன்னா டீச்சருக்கு இன்னா தெரியும்னுவாங்க. பசங்க சொன்னா பசங்க. உங்க புக்க வெச்சுதான் விழாவே. நீங்க சொன்னா நின்னு கேப்பாங்க."

"விழா நின்னுபோச்சுன்னா கட்டடம்?"

"நின்னா நிக்கும். என்னத்தான் திட்டுவாங்க. பொண்ணுங்களே திட்டும்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் வேணும் சார் அது. யாரவிடவும் எனக்கு வேணும்."

"அப்புறம் ஏம்மா?"

"அதுங்ககிட்ட வருஷம் பூரா இதத்தானே சொன்னேன். வேற பாடம் இன்னா எடுத்தேன் நானு?"

திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். நான்கு திங்கட்கிழமைகள் போயின. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் கல்யாணம். மற்ற இரண்டுக்கும் காரணம் என் நாட்குறிப்பில் எழுதப்படவில்லை. எல்லாம் தேதி வாரியாக எழுதுகிற நாட்குறிப்பு. கட்டடம் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வளைந்த அம்புதான் என் கண்ணில் நின்றது.

விழாவன்று வராந்தாவில் கயிறு கட்டிச் சார்ட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் சங்கீதாவின் சார்ட்டு. வட்டங்கள், அம்புகள், என் புத்தகம் எல்லாம் அப்படியே. விருந்தினர் வர அரைமணி இருக்கும்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம் இது? மேல பேனர்ல நூற்றாண்டுன்னு போட்டுட்டு கீழ இல்லன்னு மாட்டி வெச்சிருக்கீங்க? ஏன் மேடம் பேஜார் பண்றீங்க? கழட்டுங்க."

"பசங்க ஒட்டினது சார். நான் கழட்ட மாட்டேன்."

"கழட்டாதீங்க." அவரே போய்ச் சார்ட்டைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டு, வாசலுக்கு ஓடினார்.

அந்தப் பள்ளியில் புதிதாக வந்தவர்கூடச் செய்யாத தவறு அது. திருப்பு மிஸ் வகுப்புச் சார்ட்டு அது. பின்பக்கத்தில் சிவப்பில், முன்பக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது: 'பள்ளி தொடங்கிய ஆண்டு: சரிபார்க்கப்படவில்லை. ஆதாரம்: ஒரே ஒரு நூல். நூலின் ஆதாரம்: தெரியவில்லை. நூலாசிரியர் விழாவுக்கு வருகிறார். கேட்கலாம்.'

பாய் மெதுவாக நடந்து வந்தார். மற்றச் சார்ட்டுகளில் படம் பார்த்தார். இதன் முன் மட்டும் நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முழுவதும் படித்தார். பிறகு கையை நீட்டிச் சார்ட்டைப் புரட்டி முன்பக்கத்தையும் பார்த்தார். அவரும் தோல்காரர்தானே.

"சார், உங்களத்தான் சொல்லியிருக்காங்க போல," என்று என்னைப் பார்த்தார். குரலில் கேலி இல்லை. "வருஷம் பக்காவா?"

தலைவர் என்னைப் பார்த்தார். தலைமை ஆசிரியை பார்த்தார். சங்கீதாவும் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பக்கா பாய்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரி," என்று சார்ட்டை விட்டார். அது கயிற்றில் ஒருமுறை சுழன்று நின்றது. எந்தப் பக்கம் நின்றது என்று நான் பார்க்கவில்லை.

விழா நன்றாக நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் டீச்சர் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். "கட்டடம் வந்துடும்மா," என்றேன்.

"வரும் சார். வரட்டும். நல்லதுதான்." பஸ் வருகிற திசையையே பார்த்தார். "அங்க என்னைய நிக்க வெச்சு கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. பசங்க பார்த்துட்டு இருந்தாங்க, அவ்ளோதான்."

"நான் வேணும்னா நாளைக்கே எழுதி..."

"கால் ரொம்ப வலிக்குது சார். அப்புறம் பேசலாம்."

பிறகு பேசவில்லை. கழிப்பறை ஆறு மாதத்தில் எழுந்தது. ஆறு கதவு, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர். பெண் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வாசலில் கிரானைட்டில் 'நூற்றாண்டு நினைவு' என்று என் ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். போன வாரம் செயற்கை நுண்ணறிவை மறுபடி கேட்டுப் பார்த்தேன். அதே ஆண்டு. இப்போது ஆதாரமாக அந்தக் கல்வெட்டின் புகைப்படத்தையும் காட்டுகிறது.

கழிப்பறை திறந்தபோது டீச்சர் அங்கே இல்லை. அதற்கு முன்பே திமிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தலைவர்தான் ஆள் பிடித்து மாற்றினார் என்று டீக்கடையில் சொன்னார்கள். திமிரிக்குப் பக்கத்தில் ஆற்காட்டில் மாமியார் படுத்த படுக்கை, அவரே கேட்டு வாங்கினார் என்று பள்ளி கிளார்க் சொன்னார்.

அதன் பிறகுதான் நான் திருப்பத்தூர் போனேன். படத்தில் தலைப்பாகையோடு இருந்த தலைமை ஆசிரியரின் வயதான மகள் வீட்டில் அசல் படம் சட்டமிட்டு மாட்டியிருந்தது. "பின்னாடி இன்னா இருக்கப்போவுது?" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். பழுப்புக் காகிதத்தைப் பிரித்தோம். பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது: கணியம்பாடி. ஆண்டு இல்லை, பள்ளிப் பெயர் இல்லை. படம் எடுத்த ஊரா, எடுத்தவரின் ஊரா, அதுவும் தெரியாது. "அப்பா முன்ன அங்க வேலை பார்த்தாருன்னு சொல்லுவாங்க," என்றார் அந்த அம்மாள். அது எங்கள் பள்ளியே இல்லாமல் இருக்கலாம். பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்து, வண்டி ஏறாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து திருத்தச் சீட்டு எழுதினேன்.

இன்று காலை பத்தே காலுக்கு அந்தச் சீட்டின் பின்பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்:

யார் எழுதியது: புத்தகத்தைத் தவறாக எழுதிய அதே ஆள்.

எப்போது: விழா முடிந்து பதினோராம் மாதம். விழாவுக்கு முன் ஒரு திங்கட்கிழமை எழுதியிருக்க வேண்டும்.

எதைப் பார்த்து: திருப்பத்தூர் வீட்டுப் படத்தின் பின்பக்கம். ஒன்பதாம் வகுப்பு சங்கீதாவின் சார்ட்டு, இரண்டு பக்கமும்.

எதைப் பார்க்காமல்: கணியம்பாடிப் பள்ளியின் பழைய பதிவேடுகள். இன்னும் போகவில்லை.

இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தாக இன்னும் ஒன்று சேர்த்தேன். டீச்சர் கேட்டுப் போனாரா, அனுப்பப்பட்டாரா, அதற்கும் நான் பாயிடம் சொன்ன ஒரு சொல்லுக்கும் தொடர்பு உண்டா: இரண்டு விதமாகக் கேள்விப்பட்டது. சொல்லக்கூடியவரின் எண் என் போனில் இருக்கிறது. கேட்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.